பச்சைக் கூரை

நெய்வேலியில் வளர்ந்தவனுக்குச் சுரங்கம் என்றால் தலைக்கு மேலே வானம் இருக்கும் இடம். 1961-ல் முதன்முதலாகப் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்த அந்தப் பெரும் பள்ளமும், ராட்சதச் சக்கரத்தில் வாளிகளைக் கட்டியதுபோல் மண்ணை அள்ளும் பக்கெட் வீல் இயந்திரமும் எங்களுக்குக் கோயில் தேரைவிடப் பழக்கமானவை. அப்பா அங்கே நிலத்தடி நீரை இறைக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதனால், நான்கு மாதங்களுக்கு முன்பு தெலங்கானாவில், கோதாவரிப் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் நான் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தபோது, அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஆளுக்கொரு சுரங்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேசிக்கொண்டிருந்தோம்.

அம்மா தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்விதான்: “தலைக்கு மேலே என்னடா இருக்கும்?” கல் இருக்கும் என்றேன். எத்தனை அடிக் கல் என்று அவர் கேட்காமல் விட்டது என் நல்ல நேரம். அப்பா கேட்டது: “தண்ணி எவ்வளவு இறைக்கிறாங்க?” கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவு பகலாக இறைத்தால்தான் நெய்வேலியில் நிலக்கரி எடுக்க முடியும் என்பதால், உலகத்தில் எந்தச் சுரங்கத்தைப் பற்றிப் பேசினாலும் அவருக்கு முதலில் தோன்றுவது அதுதான். இந்த இரண்டு கேள்விகளில் அம்மாவின் கேள்விதான் என்னுடைய வேலை என்பது எனக்கு மூன்றாவது வாரத்தில்தான் உறைத்தது.

சேர்ந்த மறுநாளே கீழே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி நடக்கவில்லை. முதலில் மருத்துவப் பரிசோதனை: மார்பு எக்ஸ்-ரே, நுரையீரல் எவ்வளவு காற்றை ஊதித் தள்ளுகிறது என்ற அளவீடு, கண், பிறகு காது. ஒரு சிறிய அறைக்குள் உட்கார வைத்துக் காதுக்கருவியை மாட்டிவிட்டு, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இயந்திரச் சத்தத்தில் பின்னாளில் காது மங்கினால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கணக்கு இது என்று எண்ணிக்கொண்டு, பாதிக் கவனத்தோடு அழுத்திக்கொண்டிருந்தேன். இந்த வேலையில் கண்ணைவிடக் காதுக்குத்தான் அதிக வேலை என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அதன் பிறகு தொழிற்பயிற்சி மையம். கல்லூரியில் படித்ததையே மறுபடியும் கேட்கப் போகிறோம் என்ற அலட்சியத்தோடு போனவர்களில் நானும் ஒருவன். இடுப்பில் கட்டிக்கொள்ளும் உயிர்காப்புச் சுவாசக் கருவியைப் பற்றி நாங்கள் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறோம். ஆனால் அதை இருட்டறையில், கண்ணால் பார்க்காமல், வாயில் கவ்வி மூக்கை அடைத்துக்கொள்ளச் சொன்னபோது, முதல் முறை நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் செத்திருப்பேன் என்று பயிற்சியாளர் சாவகாசமாகக் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். “உள்ளே வருகிற காற்று சூடாக இருக்கும், எரிச்சலாக இருக்கும், துப்பிவிடத் தோன்றும், சூடு வந்தால் கருவி வேலை செய்கிறது என்று அர்த்தம், துப்பாதே” என்பதை அவர் ஒரு வகுப்பில் பத்து முறையாவது சொல்லியிருப்பார். சாஸ்நாலா விபத்தைப் பற்றிய வகுப்பில் அவர் அதிகம் பேசவில்லை. 1975 டிசம்பர் 27 அன்று, இன்றைய ஜார்க்கண்டில், நீர் தேங்கி நின்ற பழைய பகுதி உடைத்துக்கொண்டு உள்ளே வந்ததில் 375 பேர் இறந்தார்கள் என்று பலகையில் எழுதினார். நீர் தேங்கிய பழைய பகுதிக்கு 60 மீட்டருக்குள் நெருங்குவதற்கு இன்று தனி அனுமதி வேண்டும் என்பதை அதற்குக் கீழே எழுதினார். அன்று மாலை அப்பாவை அழைத்து, அவர் கேட்ட கேள்வி சரியான கேள்விதான் என்று சொன்னேன்.

கீழே போகும் நாளில் நடப்பவை எல்லாம் ஒரு சடங்கின் ஒழுங்கோடு நடக்கும். விளக்கு அறையில் தொப்பி விளக்கை வாங்கி, எண் பொறித்த வில்லையைக் கொடுக்க வேண்டும். யார் உள்ளே இருக்கிறார்கள் என்பதற்கு அந்த வில்லைதான் சாட்சி. வாசலில் சோதனை: பீடி, தீப்பெட்டி, கைப்பேசி, மின்கலத்தில் ஓடும் கைக்கடிகாரம் எதுவும் உள்ளே போகக் கூடாது. மீத்தேன் வாயு காற்றில் சுமார் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு சிறு பொறியில் வெடிக்கும் என்பதால், இந்தச் சோதனையில் மேலாளர், தொழிலாளி என்ற வேறுபாடு கிடையாது. எங்கள் சுரங்கத்துக்குள் செல்வது சரிவுப் பாதை வழியாக. அதில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் இரும்புக் கயிற்றில் தொங்கும் சிறு இருக்கையில், மிதிவண்டியில் ஏறுவதுபோல் கால்களை இரு பக்கமும் போட்டு உட்கார்ந்துகொண்டால், அது உங்களை மெதுவாக இருட்டுக்குள் இறக்கிவிடும். இருட்டைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. நான் எழுதப் போவதில்லை. என்னைத் திடுக்கிட வைத்தது வேறு. நிலக்கரிச் சுரங்கத்தின் உட்புறம் வெள்ளையாக இருந்தது.

நிலக்கரித் தூள் காற்றில் எழும்பித் தீப்பற்றினால், வாயு வெடிப்பைவிடப் பெரிய நாசம் அதனால் வரும். அதைத் தடுப்பதற்காகச் சுவர், தரை, கூரை எங்கும் சுண்ணாம்புக்கல் தூளைத் தூவி வைத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு வெள்ளையடித்த வீட்டுத் திண்ணையைப் போன்ற சுவர்களுக்கு நடுவில், கரியைத் தேடிக்கொண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்தேன். வழியில் இரட்டைக் கதவுகள் வரும். ஒன்றைத் திறந்து உள்ளே போய் அதை மூடிய பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துத் திறந்துவிட்டால், மேலே இருக்கும் பெரிய மின்விசிறி இழுக்கும் காற்று, கரி வெட்டும் இடமான முகப்புவரை போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும். கதவைத் திறக்கும்போது காற்று அதை மறுபக்கம் அழுத்துவது கையில் தெரியும், காது லேசாக அடைக்கும். கதவுக்கு இந்தப் பக்கம் குளிர்ந்த காற்று, அந்தப் பக்கம் வேர்வையும் ஈர மரமும் கலந்த வாசனையோடு வெதுவெதுப்பான காற்று. ஓர் ஆளுக்கு நிமிடத்துக்கு 6 கன மீட்டர் காற்றாவது வேண்டும் என்று விதியில் படித்தபோது வெறும் எண்ணாக இருந்தது. திரும்பும் காற்று வரும் பாதையில் அரை மணி நேரம் நின்றவனுக்கு அது எண் அல்ல.

இந்தப் பகுதியில் சுரங்கத்துக்கு ‘பாயி’ என்று பெயர். தெலுங்கில் கிணறு என்று பொருள். நம் ‘வாவி’ நினைவுக்கு வரும். “பாயிக்குப் போகிறேன்” என்று சொல்லிவிட்டுச் சோற்று டப்பாவோடு கிளம்புவார்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் 1871-ல் இல்லந்து அருகே நிலக்கரியைக் கண்டறிந்ததும், 1889-ல் அங்கே வெட்டத் தொடங்கியதும் புத்தகத்தில் இருக்கும் வரலாறு. தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையாகப் பாயிக்குப் போன குடும்பங்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருப்பது கண்ணுக்குத் தெரியும் வரலாறு. என்னை யாரிடம் ஒப்படைத்தார்களோ அந்தச் சர்தாரும் அப்படிப்பட்ட குடும்பம்தான். சர்தார் என்றவுடன் தலைப்பாகை நினைவுக்கு வர வேண்டாம். ஒரு பகுதியின் பாதுகாப்புக்குச் சட்டப்படி பொறுப்பேற்கும், அதற்கென்று தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்ற அலுவலர் அவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். எல்லோரும் அவரைக் ‘காகா’ என்று கூப்பிட்டார்கள், தெலங்கானாவில் சித்தப்பா முறைக்கு அப்படிச் சொல்வார்கள். தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முதல் வாரம் முழுக்கக் கூப்பிடவே கூச்சமாக இருந்தது. அவர் என்னை, தன் கடைசி மகன் வயதுள்ளவனை, ‘சார்’ என்றே அழைத்தார். இன்றும் அப்படித்தான்.

வேலை நேரம் தொடங்குவதற்கு முன்பே தம் பகுதி முழுவதையும் சர்தார் நடந்து பார்த்தாக வேண்டும். வாயு, காற்று, கூரை, பக்கச் சுவர் எல்லாவற்றையும் சோதித்து, பார்த்த இடத்தில் சுண்ணக்கட்டியால் தேதியும் கையெழுத்தும் போட்டு, பதிவேட்டில் எழுதிய பிறகுதான் மற்றவர்கள் உள்ளே வரலாம். அந்தச் சுற்றில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கையில் நீளமான இரும்புக் கம்பி. பத்து அடிக்கு ஒருமுறை நின்று, கம்பியை உயர்த்திக் கூரையில் ஒரு தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு அடுத்த அடி. முதல் நாள் முழுக்க அவர் என்னிடம் பேசிய சொற்கள் இரண்டுதான்: “வினண்டி, சார்.” கேளுங்கள் என்று அர்த்தம். தமிழில் வினவுதல் என்றால் கேள்வி கேட்பது. தெலுங்கில் அதே வேர் காதால் கேட்பதாகிவிட்டது. நமக்கும் ‘கேள்’ என்ற ஒரே சொல்தான் இரண்டுக்கும் இருக்கிறது. நான் வினவிக்கொண்டே இருந்தேன், அவர் வினச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். இங்கே நிலக்கரியை, தூண்களை விட்டுவிட்டு நடுவில் பாதைகளாக வெட்டி எடுக்கிறோம். பாதையின் அகலம் 4.8 மீட்டருக்கும், உயரம் 3 மீட்டருக்கும் மேல் போகக் கூடாது. அதற்கு மேலே மணற்பாறையும் களிப்பாறையும் சில இடங்களில் மெல்லிய கரிப் படலமும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. கீழிருந்த கரியை எடுத்தவுடன் இந்த அடுக்குகள் தம் எடையால் கொஞ்சம் தொய்ந்து, ஒன்றிலிருந்து ஒன்று பிரியப் பார்க்கும். பிரியாமல் ஒட்டி நிற்கும் கூரையைத் தட்டினால் கணீரென்று கேட்கும்; பிரிந்துவிட்ட அடுக்கு ‘பொத்’ என்று கேட்கும். சந்தையில் மண்பானை வாங்குகிறவர் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பது இதே அறிவுதான். தாழ்வான இடங்களில் காகா ஒரு கையால் தட்டிக்கொண்டே மற்றொரு கையின் விரல்களைக் கூரையில் பதித்து வைப்பார். காதுக்கு எட்டாத அதிர்வு விரலுக்கு எட்டும் என்பார்.

பிரியப் பார்க்கும் அடுக்குகளைக் கட்டி வைப்பதற்குத்தான் கூரைக் கம்பிகள். டிரில்லால் செங்குத்தாகத் துளையிட்டு, பசை அடைத்த நீண்ட உறைகளை உள்ளே தள்ளி, இரும்புக் கம்பியைச் செலுத்திச் சுழற்றினால், பசை இறுகிக் கம்பியையும் பாறையையும் ஒன்றாக்கிவிடும். கீழே தகட்டை வைத்துத் திருகாணியால் இறுக்கிவிடுவார்கள். ஓலைச்சுவடியின் துளை வழியே கயிற்றைக் கோத்துக் கட்டினால் ஏடுகள் எப்படித் தனித்தனியாக நழுவாதோ, அப்படி. வகுப்பில் நான்கு கொள்கைகளாகப் படித்த இதை நான் இப்போது சுவடி என்றுதான் புரிந்து வைத்திருக்கிறேன், தேர்வில் அப்படி எழுத முடியாது என்றாலும்.

வெடி வைத்துக் கரியை உதிர்த்த பிறகு, இன்னும் கம்பி அடிக்காமல் புதிதாக வெளிப்பட்ட கூரைக்கு இந்திய நிலக்கரிச் சுரங்கங்களில் ‘கிரீன் ரூஃப்’ என்று பெயர். அந்த நிறத்துக்கும் கூரைக்கும் என்ன தொடர்பு என்று கல்லூரியில் ஒருவரும் விளக்கவில்லை. தமிழனுக்கு விளக்கத் தேவையும் இல்லை. பச்சைப் புண், பச்சை மண், பச்சை உடம்பு என்று நாம் சொல்வதில் இருக்கும் அந்தப் பச்சைதான் இது. பச்சைக் கூரையின் கீழே, கம்பி அடிப்பதற்கான தற்காலிக முட்டுகளை நிறுத்தாமல், யாரும் போகக் கூடாது. மேலாளரும் போகக் கூடாது.

நான் போனேன். மூன்றாவது வாரம். வெடிப் புகை வெளியேறி, காகா வாயுவைச் சோதித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். முகப்பின் இடது மூலையில் பாறை வழுக்கிய தளம் ஒன்று, கண்ணாடிபோல் பளபளத்துக்கொண்டு, விளக்கொளியில் தெரிந்தது. அப்படி ஒன்றைப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். அது எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்க்கும் ஆர்வத்தில் கடைசி வரிசைக் கம்பிகளைத் தாண்டி இரண்டடி வைத்தேன். மூன்றாவது அடிக்கு முன், விளக்கின் மின்கலத்தைத் தாங்கும் இடுப்பு வாரைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்ததில் மல்லாக்க விழப் பார்த்தேன். காகாதான். கத்தவில்லை, திட்டவில்லை. என் விளக்கைத் தம் கையால் திருப்பி மேலே காட்டினார். கம்பித் தகடுகள் வரிசையாக வந்து ஓரிடத்தில் முடிந்திருந்தன. அதற்கு அப்பால் நான் நின்ற இடத்தின் மேலே ஒன்றும் இல்லை, வெறும் பாறை.

அந்த இடம் அன்று விழவில்லை. கம்பி அடித்து முடித்த பிறகும் விழவில்லை, இன்றுவரை அங்கே நடந்து போய்க்கொண்டிருக்கிறோம். விழுந்திருந்தால் கதையாகச் சொல்லலாம். விழாததுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. காகா அங்கே இல்லாமல் இருந்திருந்தால், நான் தளத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பி வந்திருப்பேன், அப்படிப் போகலாம் என்ற பாடத்தையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு. மறுநாளிலிருந்து அவர் என்னிடம் தட்டும் கம்பியைக் கொடுத்துவிட்டார். அந்தக் கம்பியோடு பத்து ஷிஃப்டுகள், தோள்பட்டை இரவில் வலிக்கும் அளவுக்குத் தட்டினேன். நடந்ததை, சர்தாருக்கு மேலே இருக்கும் கண்காணிப்பாளரான ஓவர்மேனிடமும் மேலாளரிடமும் நானே போய்ச் சொன்னேன். அதற்குக் கிடைத்தது இங்கே எழுதத்தக்கதல்ல, ஆனால் நியாயமானது.

உடம்பு பழகிய விதத்தையும் சொல்ல வேண்டும். கண் இமைகளின் ஓரத்தில் கரித்தூள் மை தீட்டியதுபோல் படிந்துவிடும். எந்தச் சோப்பும் அதை முழுவதும் எடுப்பதில்லை. முதல் மாதம் தலையணை உறையைப் பார்த்து வெட்கப்பட்டேன், இப்போது கறுப்பு உறை வாங்கிவிட்டேன். இரவு ஷிஃப்ட் வாரத்தில் பகல் தூக்கம் வராமல் படுத்திருப்பதைவிட, கீழே மணி தெரியாமல் இருப்பது முதலில் அதிகம் தொந்தரவு செய்தது. கைப்பேசியும் கடிகாரமும் இல்லாத இடத்தில் பசிதான் கடிகாரம். கயிற்றுப் பாதையில் மணி ஒலிக்குப் பழகியதும் அப்படித்தான் மெல்ல நடந்தது; ஓடும் கயிற்றுக்கு ஒரு மணி என்றால் நில் என்று அர்த்தம் என்பதை நான் இப்போது யோசித்துப் புரிந்துகொள்வதில்லை, கால் தானாக நின்றுவிடுகிறது. பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தில் விளக்கடிக்கக் கூடாது என்ற மரியாதையும் படிந்துவிட்டது. அறையில் வெறும் தலையோடு பேசும்போதுகூட முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டு பேசுகிறேன் என்று கூடத் தங்கியிருப்பவர் கேலி செய்கிறார்.

அடுத்து வாயு சோதனைச் சான்றிதழுக்கும் முதலுதவிச் சான்றிதழுக்கும் தேர்வு இருக்கிறது. அவை இருந்தால்தான் மேலாளர் தகுதித் தேர்வை எழுத முடியும். மீத்தேனை எண்ணில் காட்டும் கருவி எல்லோர் கையிலும் இருக்கும் காலத்திலும், பாதுகாப்பு விளக்கின் திரியைத் தாழ்த்தி, சுடரின் மேலே மெல்லிய நீல நிறத் தொப்பி தெரிகிறதா என்று இருட்டில் உற்றுப் பார்க்கக் கற்றுக்கொள்கிறேன். 1.25 சதவீதத்தில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்பதை எழுதிவிடலாம். அந்த நீலத்தைக் கண் பிடிப்பதற்குத்தான் நாளாகிறது.

போன வாரம் முதல் ஷிஃப்டுக்கு முந்தைய சுற்றில், காகா என்னை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் வந்தார். நான் தட்டிக்கொண்டே போனேன். அவர் கையிலும் ஒரு கம்பி இருந்தது. நான் தட்டிய இடங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மறுபடி தட்டுவது கேட்டது. மூன்று இடங்களில் ஒன்றும் சொல்லவில்லை. நான்காவது இடத்தில் நின்றுவிட்டார். இரண்டு முறை தட்டினார்.

“வினண்டி, சார்.”

எனக்குக் கணீரென்றுதான் கேட்டது. நான் தட்டினேன், கணீர். அவர் தட்டினார், அதுவும் கணீர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். வித்தியாசம் ஏதும் இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை, இருக்கிறது என்று பொய் சொல்லவும் துணிவு வரவில்லை. அவர் சுண்ணக்கட்டியால் பக்கச் சுவரில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு நடந்தார். ஆட்கள் வந்ததும் அந்த இடத்தில் இரண்டு கம்பிகள் கூடுதலாக அடிக்கச் சொன்னேன். டிரில் ஓர் அடி உயரம் ஏறியதும் ஒரு நொடி எதிர்ப்பே இல்லாமல் வெற்றிடத்தில் நழுவி, மறுபடியும் பாறையில் பிடித்துக்கொண்டது. டிரில்லைப் பிடித்திருந்தவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் காகாவைத் தேடினேன். அவர் அதற்குள் அடுத்த முகப்புக்குப் போயிருந்தார். தட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.